ஓடையில் கும்பிட்ட முப்பது

செப்டம்பர் 28, ஞாயிறு

அப்பாவின் கருமாதி முடிந்து வெண்ணிலா நேற்று பஸ் ஏறி ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது சிமெண்ட் கடையில் கொடுத்த இந்த டைரியை என் கையில் கொடுத்தாள்.

"அம்மா, ஆபீஸ் நேரத்துல பத்து வாட்டி போன் பண்ணி, பால் பொங்கிருச்சு, பூனை வந்துருச்சுன்னு சொல்லாத. எல்லாத்தையும் இதுல எழுதி வை. சாயங்காலம் நான் கூப்பிடுறப்போ படிச்சுக் காட்டு."

நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். பூனை இன்றைக்கும் வந்தது.

வேறென்ன எழுத? ஜீப் ஓடையில் கிடக்கிறது. அதை எழுதலாம்.

இவருக்குக் கரண்டு ஆபீசில் வேலை. ஓய்வு பெற்றதும் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப். ஆறு வருடமாக, திங்கள் முதல் சனி வரை அதைக் கழற்றுவார். ஞாயிற்றுக்கிழமை மாட்டி, கூட்டாளிகளோடு மலையடிவாரத்துக்குப் போவார். ரோடு இருக்கிற இடத்துக்குப் போக மாட்டார்கள். ரோடு இல்லாத இடமாகப் பார்த்துப் போய், சேற்றில் மாட்டி, ஒருவரை ஒருவர் இழுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வருவார்கள். துணியை நான் துவைப்பேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புது கிளட்ச் மாட்டியிருக்கிறேன், ஓட்டிப் பார்க்கிறேன் என்று தனியாகப் போனார். சேம்பூத்து ஓடையில் பாறை மேல் ஏறி ஜீப் மாட்டிக்கொண்டது. நடந்தே வீட்டுக்கு வந்தார். குளித்தார். நான்கு தோசை சாப்பிட்டார். "காலையில கமாலைக் கூட்டிட்டுப் போயி எடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு, முப்பது கும்பிட வேண்டும். எங்கள் பக்கம் முப்பதாம் நாள் போட்டோவுக்கு முன்னால், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைப்போம். நேற்றுப் பந்தியில் வைத்தே நாத்தனார் குருவம்மாள் கேட்டாள்: "ஏப்பா, என் தம்பிக்கு ரொம்பப் பிரியமானது என்னன்னு சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து, "ஜீப்பு" என்றார்கள்.

ஆக, முப்பதுக்கு ஜீப் வாசலில் நிற்க வேண்டும். அதற்குள் மழை பிடித்தால் ஓடையில் தண்ணீர் வந்து அதை உருட்டிக்கொண்டு போய்விடும். எனக்கு ஒன்றும் இல்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான்.

செப்டம்பர் 29, திங்கள்

வீடு ஒதுக்கினோம். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு டயர். பீரோவுக்கு அடியில் ஒரு பல்சக்கரம். நல்லெண்ணெய் பாட்டிலில் இருந்தது நல்லெண்ணெய் இல்லை. அதில் அப்பளம் போடப் போனேன், நல்லவேளை மோந்து பார்த்தேன். பணியாரச் சட்டி கறுத்துப் போனதற்கு நான் அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்து பேரிங்கை அதில் போட்டுச் சூடு பண்ணித்தான் மாட்டுவாராம். இவருடைய கூட்டாளி முத்துராக்கு இன்றைக்குச் சொன்னான்.

சாமி மாடத்தில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் ஒன்று இருந்தது. நாத்தனாருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதற்கும் குங்குமம் வைத்துவிட்டாள்.

"அது சாமி இல்ல மதினி."

"எதுவா இருந்தா என்ன, வச்சது வச்சதுதான். அழிக்கக் கூடாது."

வாசலில் ஜீப் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை. அதைச் சாணி போட்டு மெழுகச் சொன்னாள். முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிறகு மொட்டை மாடி முழுவதும் கழுவினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தார்கள். ஒருவர் கமால் பாய், பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறார். இன்னொருவன் முத்துராக்கு, பேட்டரிக் கடை, என்னை அக்கா என்பான். மூன்றாமவர் ஜெகதீசன் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். ரிட்டயர் ஆகியும் கழுத்தில் விசில் தொங்கும்.

"ஜீப்பு வயிறு பாறை மேல உக்காந்துருச்சு தங்கச்சி" என்றார் பாய். "நாலு சக்கரமும் அந்தரத்துல சுத்துது."

"நாலு சக்கரமும் இழுக்கும்னுதானே அண்ணே அதை வாங்குனாரு?"

"இழுக்கும்மா. ஆனா நாலும் தரையில படணும்ல?"

"ஓடைக்குப் பக்கத்துத் தோப்புக்காரர்கிட்ட டிராக்டர் இருக்கே. ஒரு இழுப்பு இழுத்தா வந்துராதா?"

மூன்று பேர் முகமும் மாறிவிட்டது. காபியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அக்கா, அது மட்டும் வேணாம்" என்றான் முத்துராக்கு. "ஜீப்பை ஜீப்புதான் இழுக்கணும். டிராக்டர் இழுத்த ஜீப்பு, ஜீப்பே இல்ல. நம்ம ராசாங்கம் அண்ணன் போட்ட சட்டம்." இவரைத்தான் சொல்கிறான்.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய ஜீப்பை ஒரு டிராக்டர் இழுத்துவிட்டதாம். அந்தச் சட்டத்தின்படி இவர் அவரை மூன்று மாதம் கேலி பண்ணியிருக்கிறார். வெட்கத்தில் ஜீப்பையே விற்றுவிட்டாராம். இப்போது விசில் மட்டும்தான்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூஜை. நம் வீட்டில் கிடையாது. பாய் கடையிலும் முத்துராக்கு கடையிலும் உண்டு. அந்த எலுமிச்சம்பழத்தோடு இன்று பாயின் ஜீப்பில் மூன்று பேரும் ஓடைக்குப் போனார்கள். நான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். நாத்தனாருக்குத் தெரியாமல் இரண்டு முட்டையும் வைத்தேன். புரட்டாசி.

மத்தியானம் நடந்தே திரும்பி வந்தார்கள்.

"என்னண்ணே ஆச்சு?"

"எலுமிச்சம்பழம் நசுங்குச்சு" என்றார் பாய்.

முத்துராக்குதான் சொன்னான். பாயின் ஜீப் கயிறு கட்டி இழுத்ததாம். இழுக்க இழுக்கச் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டே போய், அச்சு வரைக்கும் புதைந்துவிட்டதாம்.

வாத்தியார் சொன்னார்: "விசிலை நான் சரியாத்தான் ஊதினேன்."

இப்போது ஓடையில் இரண்டு ஜீப்.

அக்டோபர் 3, வெள்ளி

மேகம் கூடியிருந்தது. நான்கு தடவை வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். வடகம் காயப் போட்டிருந்தேன், அதற்காக.

வெண்ணிலாவிடம் படித்துக் காட்டினேன். "நீ என்னைக்கும்மா வடகம் போட்ட?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

முத்துராக்கு ஜீப்பில் முன்னால் ஒரு உருளை இருக்கிறது. அதில் கம்பி சுற்றியிருக்கும். கம்பியை மரத்தில் கட்டிவிட்டு உருளையைச் சுற்றவிட்டால், ஜீப் தன்னையும் இழுத்துக்கொண்டு, பின்னால் கட்டியதையும் இழுத்துக்கொண்டு வெளியே வருமாம். போகும்போதே மார்தட்டிக்கொண்டு போனான். "அக்கா, சாயங்காலம் வாசல்ல கோலம் மட்டும் போட்டு வைங்க."

முப்பது கும்பிடாத வீட்டில் கோலம் ஏது? ஆனாலும் வாசலைக் கூட்டினேன். கறை இருக்கிற இடத்தை விட்டுவிட்டுக் கூட்டினேன்.

நான்கு மணிக்குத் தோப்புக்காரர் மட்டும் வந்தார். மரியாதையான மனிதர். துக்க வீடு என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் கத்தினார்.

"ஏம்மா, என் மாமரம் என்னம்மா பாவம் பண்ணுச்சு? பதினஞ்சு வருசத்து மரம். ஜீப்பு வரலை, மரம் வந்துருச்சு!"

மரம் சாய்ந்ததும் முத்துராக்கு ஜீப் சறுக்கிக்கொண்டு போய், பாயின் ஜீப்பின் பின்னால் பொருந்தி நின்றுவிட்டதாம். மூன்றும் வரிசையாக நிற்கிறதாம், பஸ் ஸ்டாண்டு மாதிரி.

அவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, இவர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்ல மனுசன். என் மோட்டார் ரூம்ல ராத்திரின்னு பாக்காம வந்து பீஸ் போட்டுக் குடுப்பாரு" என்றார். போகும்போது திரும்பிப் பார்த்து, "ஆனா மரம் மரம்தான்மா" என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

தூறல்.

அக்டோபர் 7, செவ்வாய்

ராத்திரியும் தூறியதாம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை, விடிய ஒரு தடவை தூறியது.

மூன்று பேரும் வந்து திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு ஜீப் கேட்டு ஊர் முழுக்கப் போன் போட்டார்களாம். சின்னமனூரில் ஒருவர், "மூணு மாட்டிக் கிடக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்கு இருக்குறது ஒண்ணுதாம்ப்பா" என்று வைத்துவிட்டாராம்.

"டிராக்டர்" என்றேன்.

"தங்கச்சி, ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுறோம்" என்றார் வாத்தியார். "ராசாங்கம் வாசலுக்கு அதை டிராக்டர் இழுத்துட்டு வந்து நிறுத்துனா, அவன் போட்டோவுல இருந்தே என்னைப் பாத்துச் சிரிப்பான்."

அதுவும் உண்மைதான். அந்தப் போட்டோவில் இவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் தோசை ஊற்றும்போது தோன்றியது. அப்படியே கரண்டியோடு வந்து நாத்தனாரிடம் சொன்னேன்.

"மதினி, ஜீப்பு இங்க வராது. நாம அங்க போயிருவோம்."

"எங்க?"

"ஓடைக்கு. முப்பதை அங்கேயே கும்பிடுவோம்."

நாத்தனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? முப்பது கும்பிடுற வரைக்கும் நீ வாசப்படி தாண்டக் கூடாது. முப்பதைக் கும்பிடுறதுக்கே வாசப்படி தாண்டுறேங்குற. எவளாச்சும் ஓடைக்குள்ள எலையப் போட்டுப் படைப்பாளா? ஊரு சிரிக்காது?"

"ஊரு இப்பவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மூணு ஜீப்பு கிடக்குல்ல."

"வீட்டுலதான்டி கும்பிடணும். அவன் ஆவி வீட்டுலதான் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை மதினி" என்றேன். "இந்த ஆறு வருசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையாச்சும் அவரு வீட்டுல இருந்திருக்காரா?"

நாத்தனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ரொம்ப நேரம் எண்ணினாள். தோசை கருகிவிட்டது.

"அதுவும் சரிதான்" என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளி

சொந்தக்காரர்களுக்கெல்லாம் இடம் மாற்றிச் சொன்னோம். புரட்டாசி, கறி கிடையாது என்றதும் பாதிப் பேர் வர மாட்டேன் என்றிருந்தார்கள். ஓடையில் என்றதும் எல்லாரும் வருகிறார்கள். உசிலம்பட்டியில் இருந்து வேன் பிடித்து வருகிறார்களாம்.

அண்டா, விறகு, நடக்க முடியாத பெரிய ஆட்கள், எல்லாவற்றையும் தோப்புக்காரர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. டிராக்டர் ஜீப்பைத் தொடக் கூடாது என்று பாய் எழுதி வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அக்டோபர் 11, சனி

உளுந்து ஊறப் போட்டேன். வெண்ணிலா வந்துவிட்டாள். மழை இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வெண்ணிலா கூடவே இருந்தாள், எல்லாவற்றையும் செல்போனில் படமும் பிடித்தாள். படித்துக் காட்ட ஆள் வேண்டாம். ஆனாலும் எழுதுகிறேன்.

டிராக்டரில் அண்டாவுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். தோப்பைத் தாண்டினால் ஓடை. ஒரு மாதமாக என் மண்டையில் இருந்த இடத்தை அப்போதுதான் பார்த்தேன். பாறை மேல் இவருடைய ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கிய நாய் மாதிரி நின்றது. பின்னால் மற்ற இரண்டும்.

டிராக்டர் நின்றதும் முத்துராக்கும் பாயும் போய் அதற்கும் ஜீப்புக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள். அதற்கு ஏதோ தொத்து நோய் இருக்கிற மாதிரி.

ஜீப்பின் மூக்கு மேலேயே படைக்கலாம் என்று துணி விரித்து, வாழை இலை போட்டு, போட்டோவை வைத்தோம். போட்டோ சறுக்கிக் கீழே வந்தது. தூக்கி வைத்தோம். மறுபடி வந்தது. கல் முட்டுக்கொடுத்தோம். போட்டோ நின்றது, சாம்பார் ஓடியது. வடை ஒவ்வொன்றாக உருண்டு தோப்புக்காரர் காலடியில் விழுந்தது. அவர் ஒன்றை எடுத்து ஊதிவிட்டுத் தின்றார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "எந்தம்பிக்குச் சாஞ்சு கெடக்குற எலையிலயா சோறு வைக்கிறது? மொதல்ல இதை நேரா நிமித்துங்கடா!"

"டிராக்டர் கூடாது அக்கா" என்றார் வாத்தியார்.

"டிராக்டர் யாரு கேட்டா? இத்தனை எருமை மாடு நிக்கிறீங்களே. தேரு இழுத்ததில்லையா ஒருத்தரும்? எடுங்கடா கயிறை!"

பாய் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் முத்துராக்கைப் பார்த்தார். ஆள் இழுக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லையாம். அதை அவர்கள் மூன்று பேரும் ஓரமாகப் போய்ப் பேசி முடிவு பண்ணிவிட்டு வந்தார்கள்.

போட்டோவையும் இலையையும் இறக்கி வைத்துவிட்டு, தடிக் கயிறு இரண்டு கட்டினார்கள். சக்கரத்துக்கு அடியில் கல்லும் விறகும் அடுக்கினார்கள். உசிலம்பட்டி வேன்காரர்கள் ஒரு கயிறு, உள்ளூர்க்காரர்கள் ஒரு கயிறு. பெண்களும் சேலையைச் சொருகிக்கொண்டு பிடித்தார்கள். பாறைக்கு முன்பக்கம் ஓடை இறங்குகிற சரிவு, சரிவு முடிந்தால் தோப்பு. நாத்தனார் கயிற்றின் நுனிக்குப் போய் முதல் ஆளாக நின்றாள்.

நானும் போனேன். "நீ தொடாத" என்று கத்தினாள். "காரியம் பண்ணுறவ கயிறு புடிக்கக் கூடாது. போய் எங்கிட்டாச்சும் உக்காரு."

முத்துராக்கு ஓடி வந்தான். "அக்கா, அப்படின்னா ஸ்டியரிங்ல உக்காருங்க. கையி ஒண்ணும் மிச்சமில்ல. நேரா புடிச்சுக்கங்க. வேற எதையும் தொடாதீங்க."

ஏறி உட்கார்ந்தேன். நேராகப் பிடித்தேன். வேறு எதையும் தொடவில்லை.

வாத்தியார் பாறை மேல் ஏறி நின்றார். இந்த நாளுக்காகத்தான் பிறந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு விசிலுக்கு இழுக்கணும். ரெண்டு விசிலுக்கு நிறுத்தணும்" என்றார். ஊதினார்.

முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் அடியில் கறகறவென்று சத்தம். மூன்றாவது இழுப்புக்கு யாரோ குலவை போட்டார்கள், சாவுக் காரியத்தில் குலவை போடுவதா என்று இன்னொருத்தி திட்டினாள், திட்டிக்கொண்டே அவளும் இழுத்தாள். ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது. பாறையை விட்டு இறங்கிவிட்டது.

வாத்தியார் இரண்டு விசில் ஊதினார். ஜனங்கள் நின்றார்கள். ஜீப் நிற்கவில்லை.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் சிதறினார்கள். நாத்தனார் மட்டும் பக்கவாட்டில் ஒதுங்கத் தோன்றாமல் ஜீப்புக்கு முன்னாலேயே நேராக ஓடினாள். அறுபத்தெட்டு வயசு. மூட்டு வலி என்று என் வீட்டில் ஒரு மாதமாகப் பாயைக்கூடச் சுருட்டாதவள். புறா மாதிரி போனாள். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அவளும் அதே பக்கம் திரும்பினாள். நான் மறுபக்கம் திருப்பினேன். வாத்தியார் பாறை மேல் நின்று விடாமல் இரண்டு இரண்டாக ஊதிக்கொண்டிருந்தார்.

தோப்புக்குள் போய்விட்டேன். "மரம்! மரம்!" என்று தோப்புக்காரர் குரல். ஒரு மரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம். காற்று முகத்தில் அடித்தது. கல் மேல் ஏறி இறங்கும்போது சீட்டில் எம்பி எம்பி விழுந்தேன். நேராக எதிரே பாயச அண்டா. காலுக்குக் கீழே மூன்று மிதி இருந்தது. இடதுபக்கம் இருந்ததை மிதித்தேன், இன்னும் வேகமாகப் போன மாதிரி இருந்தது. நடுவில் இருந்ததை இரண்டு காலையும் சேர்த்து மிதித்தேன்.

நின்றது. அண்டாவுக்கும் ஜீப்புக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம்.

எல்லாரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். "தங்கச்சி, காலை எடுக்காதீங்க! இது சரிவு! கல்லு வைக்கிறோம்!" என்று பாய் தூரத்திலேயே கூப்பாடு போட்டார். கல் தேடி மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினார்கள். பாறையாகக் கிடக்கிற ஓடையில் அந்த நேரத்துக்கு ஒரு கல் கிடைக்கவில்லை அவர்களுக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. புருசனுக்கு முப்பது கும்பிட வந்த இடத்தில், இவ்வளவு பேர் பார்க்க, மடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் அந்தச் சேற்றுத் துணியோடு வாசலில் வந்து நின்று சிரிப்பாரே, அதே மாதிரி. பக்கத்து சீட்டில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது தெரிந்தது. "பாத்தீங்களா, நானே நிறுத்திட்டேன்" என்று சொல்லத் திரும்பினேன்.

நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

அவர் போனதில் இருந்து வராத அழுகை அப்போது வந்தது. ஸ்டியரிங் மேல் தலையை வைத்துவிட்டேன்.

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "வெண்ணிலா, ஒங்கப்பா போட்டோவை எடுத்துட்டு வாத்தா. வண்டி நேராத்தான் நிக்கிது. இங்கேயே படைச்சிருவோம்" என்றாள்.

என் முதுகில் கையை வைத்தாள்.

"நீ அழு பவுனு. நல்லா அழு. காலை மட்டும் எடுத்துராத."